மேசைமேல் ஒரு போர்க்களம்: ஜீலம் ஆற்றங்கரைப் போரும் வரலாற்றுக் கல்வியும்

வரலாற்றுப் பாடத்தில் ஒரு போர் வந்துவிட்டால், "யார் ஐயா வென்றார்?" என்பதே மாணவர் கேட்கும் முதற் கேள்வி. விடை கிடைத்த அளவில் அவர்தம் ஆர்வமும் அடங்கிவிடும். வென்றவன் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் குறிப்பேட்டில் ஏறும், மணியடிக்கும், பாடம் முடியும். நெடுங்கால ஆசிரியப் பணியில் நானும் எத்தனையோ போர்களை இவ்வாறே முடித்து வைத்தவன்தான். ஆயினும், கி.மு. 326ஆம் ஆண்டில் மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தருக்கும் பஞ்சாப் பகுதியை ஆண்ட மன்னன் போரசுக்கும் இடையே ஜீலம் ஆற்றங்கரையில் நிகழ்ந்த போர், எங்கள் பள்ளியில் அவ்வளவு எளிதில் முடியவில்லை.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டமொன்றின் நடுவே அமைந்த தமிழ்ப்பள்ளி எங்களுடையது. அதன் உணவறை மேசைமேல், ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவரைக் கொண்டு, அப்போரை மூன்று சனிக்கிழமைகளில் மூன்று முறை நடத்திப் பார்த்தோம். தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. மாணவரை இரு படையாகப் பிரித்தபோது அலெக்சாந்தர் பக்கம் நிற்க எல்லாரும் முந்தினர். போரஸ் பக்கம் செல்ல ஒருவரும் முன்வரவில்லை. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்து, "நீ போரஸ் பக்கம் நில்" என்றேன். "தோற்கப் போகிறவர் பக்கம் நான் ஏன் ஐயா நிற்க வேண்டும்?" என்று அவள் கேட்டாள்.

அக்கேள்விக்கு அப்பொழுது என்னிடம் விடை இல்லை. "நில் அம்மா, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சதுரங்கத்தின் வழித்தோன்றல்

மேசைமேல் போர் நடத்துவது பிள்ளை விளையாட்டு என்று எண்ணுவார் உளர். அவ்விளையாட்டுக்கு நெடிய வரலாறு உண்டு. அதன் வேரும் இந்திய மண்ணிலேயே உள்ளது. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு உறுப்புகளையுடைய படையைச் சதுரங்கம் என்பது பண்டை வழக்கு. அப்பெயரையே தாங்கி எழுந்தது சதுரங்க ஆட்டம். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையில் விளங்கிய பாணர், தம் ஹர்ஷசரிதத்தில் அதனைச் சுட்டுகின்றார். பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்த அவ்வாட்டம், அங்கே புதியதொரு பயிற்சிமுறைக்கு வித்திட்டது.

1780ஆம் ஆண்டில், ஜெர்மானிய நிலத்துப் பிரன்சுவிக் நகரில் ஆசிரியராய் இருந்த ஹெல்விக் என்பவர், சதுரங்கப் பலகையைப் பன்மடங்கு பெரிதாக்கி, அதன் கட்டங்களில் மலையும் ஆறும் ஊரும் அமைத்து, இளைஞர்க்குப் போர்முறை கற்பிக்கும் ஆட்டமொன்றை வகுத்தார். பின்னர், 1824ஆம் ஆண்டில், பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ், தம் தந்தையார் தொடங்கி வைத்த பணியை நிறைவு செய்து, கட்டங்களை நீக்கி, உண்மையான நிலப்படத்தின்மேல் ஆடும் விதிகளை வெளியிட்டார். இரு தரப்பாரும் தத்தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் கொடுப்பர். எந்தச் செய்தி எவருக்கு எப்பொழுது தெரியவரும் என்பதை நடுவரே முடிவு செய்வார். பிரஷ்யப் படைத் தலைமை அதனைத் தன் அதிகாரிகளுக்குரிய பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது.

பொம்மை வீரரைக் கொண்டு ஆடும் முறையை இல்லந்தோறும் கொண்டு சேர்க்க முனைந்தவர் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவர் 1913ஆம் ஆண்டில் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். உண்மையான பெரும்போர் எத்துணை மடமை வாய்ந்தது என்பதை உணர, இச்சிறு போர்களை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே போதும் என்பது அந்நூலின் முடிவில் அவர் உணர்த்திய கருத்து. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

சதுரங்கத்திற்குப் பெயர் தந்த நாற்படையையும் ஒருங்கே களத்தில் நிறுத்திய மன்னன் போரஸ். அவனது போரைச் சதுரங்கத்தின் வழித்தோன்றலான ஒரு விளையாட்டைக் கொண்டு ஆராய்வது பொருத்தமே எனத் துணிந்தேன்.

சான்றுகள் கூறுவன

வேதகாலத்தில் விதஸ்தா என்றும் கிரேக்கரால் ஹைடாஸ்பெஸ் என்றும் வழங்கப்பெற்ற ஆறே ஜீலம். போர் நிகழ்ந்த பகுதி இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாநிலத்தில் உள்ளது. இப்போரைப் பற்றி இந்திய மொழிகளில் அக்காலச் சான்று எதுவும் இல்லை. கிடைப்பன யாவும் கிரேக்க, இலத்தீன் நூல்களே. அவற்றுள் விரிவானது அர்ரியன் இயற்றியது. அவரோ கி.பி. 2ஆம் நூற்றாண்டினர்; போர் முடிந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியவர். அலெக்சாந்தருடன் படையில் வந்த தாலமி, அரிஸ்டோபுலஸ் ஆகியோர் எழுதி வைத்து, பிற்காலத்தில் மறைந்துபோன நூல்களை அவர் துணையாகக் கொண்டார். தியோதோரஸ், கர்ட்டியஸ், புளூட்டார்க் ஆகியோரும் இப்போரைக் குறித்துள்ளனர். இவர்கள் அனைவரும் வென்றவன் பக்கத்திலிருந்து நோக்கியவர்கள்.

போரஸ் என்னும் பெயரே கிரேக்கர் வாயில் வழங்கியதுதான். புரு அல்லது பௌரவர் என்னும் குலத்தை அது குறிப்பதாக அறிஞர் கருதுவர். அம்மன்னனுக்கு அவனைப் பெற்றவள் இட்ட பெயர் யாது என்பதை வரலாறு காத்து வைக்கவில்லை.

அர்ரியன் கூறும் செய்தியின் சுருக்கம் வருமாறு: ஆற்றின் மேற்குக் கரையில் அலெக்சாந்தரும் கிழக்குக் கரையில் போரசும் எதிரெதிரே தங்கினர். ஆறு வெள்ளத்தால் பெருகியிருந்தது. மறுகரையில் யானைகள் நின்றமையால், குதிரைகளைத் தெப்பத்தில் ஏற்றிக் கடப்பது அலெக்சாந்தருக்கு அரிதாயிற்று. ஆகவே அவன் இரவுதோறும் கரையில் பல இடங்களில் ஆரவாரம் எழுப்பினான். முதலில் அவ்வோசை எழுந்த திசையெல்லாம் யானைகளுடன் விரைந்த போரஸ், அது வெற்று ஆரவாரம் எனக் கண்டு, நாளடைவில் அசையாதிருந்தான். அதன்பின், இடியும் மழையும் மிகுந்த ஓரிரவில், பாளையத்திலிருந்து 150 ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தொலைவில், காடடர்ந்த தீவொன்றின் மறைவில் அலெக்சாந்தர் ஆற்றைக் கடந்தான். கிராத்தெரஸ் என்னும் தளபதியைப் பழைய பாளையத்திலேயே நிறுத்தி, போரஸ் தன் யானைகள் அனைத்தையும் கொண்டு அகன்றால் மட்டுமே ஆற்றைக் கடக்குமாறு பணித்திருந்தான்.

செய்தி அறிந்த போரஸ், 2,000 குதிரை வீரரையும் 120 தேர்களையும் தன் மகன் தலைமையில் அனுப்பினான் என்பது தாலமியின் கூற்று. மழையால் சேறான நிலத்தில் தேர்கள் அழுந்தின, மகன் மாண்டான். பின்னர், 30,000 காலாள், 4,000 குதிரை, 300 தேர், 200 யானை ஆகியவற்றுடன் போரஸ் எதிர்கொண்டான். அலெக்சாந்தருடன் கரை கடந்தவர் குதிரை வீரர் ஏறத்தாழ 5,000 பேர். காலாட்கள் ஏறத்தாழ 6,000 பேர். போரசின் இடப்பக்கத்தில் குதிரைப்படையைக் குவித்துத் தாக்கிய அலெக்சாந்தர், கொய்னஸ் என்னும் தளபதியைச் சுற்றிச் சென்று பின்புறம் தாக்கச் செய்தான். நெருக்குண்ட யானைகள், பாகரை இழந்து, அம்பும் வேலும் பட்டு, தம்மவர் என்றும் பகைவர் என்றும் பாராது மிதித்தன. வலத்தோளில் காயமுற்றும் இறுதிவரை யானைமேல் நின்று பொருத போரஸ், பின்னர் அலெக்சாந்தர்முன் கொணரப்பட்டான். எவ்வாறு நடத்தப்பட விரும்புகிறாய் என்று வினவியபோது, அரசனுக்குரிய முறையில் என்று அவன் விடையிறுத்ததும், நாட்டைத் திரும்பப் பெற்றதும் பலரும் அறிந்த செய்தி.

மேசையும் படையும்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், மணல் மேசையில் மலையும் ஆறும் அமைத்து நிலநூல் கற்பிக்கும் முறையை எங்களுக்குப் பயிற்றினர். அப்பயிற்சியே இங்குக் கைகொடுத்தது. உணவறை மேசைகளை இணைத்து 2.4 மீட்டர் நீளமுள்ள களம் அமைத்தோம். படைக்கு வேண்டிய வீரரைத் தோட்டமே தந்தது. கவாத்து வெட்டாமல் விடப்பட்ட பழைய தேயிலை மரங்களின் அடியில் உதிர்ந்து கிடந்த விதைகளை மாணவர் பொறுக்கி வந்தனர். செடியை ஒழுங்கு செய்வதும் கவாத்து, படைவீரர் அணிவகுத்துப் பயில்வதும் கவாத்து என்று நான் சொல்ல, கவாத்து வெட்டாத மரத்து விதைகள் கவாத்துக்கு வந்தன என்று ஒரு மாணவன் சிரித்தான்.

ஒரு தேயிலை விதை 200 காலாட்களுக்கு ஈடு. ஒரு புளியங்கொட்டை 100 குதிரை வீரருக்கு ஈடு. களிமண்ணால் செய்த ஒரு யானை 10 யானைகளுக்கு ஈடு. ஒரு தீப்பெட்டி 20 தேர்களுக்கு ஈடு எனக் கொண்டோம். கணக்கிட்டபோது, போரசின் பக்கம் 150 விதை, 40 புளியங்கொட்டை, 20 யானை, 15 தீப்பெட்டி. அலெக்சாந்தரின் பக்கம் 30 விதை, 50 புளியங்கொட்டை. மாணவர் திகைத்தனர். "இவ்வளவு சிறிய படையா வென்றது?" என்னும் கேள்வி தானே எழுந்தது. போரசின் காலாட்படை 50,000 என்று தியோதோரசும், 20,000 என்று புளூட்டார்க்கும் எழுதியுள்ளனர் என்று எடுத்துரைத்தேன். தோற்றவன் படை பெரிதாகப் பெரிதாக, வென்றவன் புகழும் வளரும் அல்லவா என்று வினவினேன். புரிந்துகொண்டார்கள். அலெக்சாந்தரின் படையில் தட்சசீலப் பகுதி இந்தியர் 5,000 பேர் இருந்தனர் என்று சொன்னபோது, இருபுறமும் இந்தியரா என்று மேலும் வியந்தார்கள்.

அடுத்துத் தொலைவு. யானைகளை ஒன்றுக்கொன்று 100 அடி இடைவெளியில் போரஸ் நிறுத்தினான் என்கிறார் அர்ரியன். 200 யானைகளை அவ்வாறு ஒரே வரிசையில் நிறுத்தினால் வரிசையின் நீளம் 6 கிலோமீட்டரை எட்டும். அதனையே மேசையின் நீளமாகக் கொண்டோம். அவ்வளவுப்படி, அலெக்சாந்தர் ஆற்றைக் கடந்த இடம் பாளையத்திலிருந்து 11 மீட்டர் தொலைவில் அமையவேண்டும். அளந்து பார்த்தோம். அது உணவறையின் வாயிலைக் கடந்து, முற்றத்தில் உள்ள கொடிக்கம்பத்தின் அடியில் வந்து முடிந்தது! பெற்றோர் ஒருவர் கொடுத்துதவிய இரண்டு பழைய நீலச் சேலைகளை முடிந்து, மேசையிலிருந்து கொடிக்கம்பம் வரை விரித்தோம். அதுவே எங்கள் ஜீலம்.

ஒரு சுற்று என்பது 10 நிமிடம். காலாளும் யானையும் சுற்றுக்கு ஒரு சாண் நகரும். குதிரை இரண்டு சாண். கொடிக்கம்பத்தடியில் நிகழ்வதைப் போரசுக்குச் சொல்ல ஓடும் தூதன், 12 சுற்றுக் கழித்தே வாய் திறக்கலாம். குதிரைமேல் 27 கிலோமீட்டர் வர இரண்டு மணி நேரமாவது செல்லும் என்பது எங்கள் கணக்கு. காயம்பட்ட யானை எத்திசையில் திரும்பும் என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். அதற்கு நான்கு முகம், திசையும் நான்கு. இரு பாளையத்திற்கும் இடையே ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினோம். அதன் பொருளை எம் மாணவர்க்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எதிர்ச்சரிவு பனிமூட்டத்தில் மறைந்து, ஆள் தெரியாமல் குரல் மட்டும் கேட்கும் காலைப்பொழுதுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

மூன்று ஆட்டங்கள்

முதல் ஆட்டத்தில் இரு தரப்பும் வரலாற்றில் நிகழ்ந்தவாறே நடந்துகொள்ள வேண்டும் என விதித்தேன். தீப்பெட்டித் தேர்கள் மழைநிலத்தில் நகராமல் நின்றன. தொல்காப்பியர் தும்பைத் திணையில் தானை, யானை, குதிரை என மூன்றன் நிலையை எடுத்துரைத்து, தேரை அவ்வரிசையில் சேர்க்காமல் விட்டதை அப்பொழுது நினைத்துக்கொண்டேன். களிமண் யானைகளுள் ஏழு, தாயக்கட்டை காட்டிய திசையில் தம் பக்கத்து விதைகளின்மேலேயே திரும்பின. போரஸ் தோற்றான். அம்மாணவி சற்று நேரம் மேசையையே பார்த்திருந்து, "போரஸ் பிழை செய்யவில்லை ஐயா, அவருக்குச் செய்தி நேரத்தோடு வரவில்லை" என்றாள்.

எத்தனையோ முறை இப்போரைப் படித்த எனக்கு அது தோன்றியதில்லை. நூலைப் படிக்கும் நாம் ஆற்றின் இரு கரையையும் ஒருங்கே காண்கிறோம். அலெக்சாந்தர் எங்கே கடந்தான் என்பது நமக்கு முன்னரே தெரியும். போரசுக்கோ, எதிரே கிராத்தெரசின் படை நிற்கிறது; தொலைவில் கடந்து வந்தது பெரும்படையா, முன்னைய இரவுகளைப்போல் மற்றுமோர் ஏமாற்றா என்று தெரியாது. அந்நிலையில் அவன் ஒரு முடிவு செய்தாகவேண்டும்.

இரண்டாம் ஆட்டத்தில் அணிகளை மாற்றினேன். எவரும் தாம் விரும்பியவாறு ஆடலாம் என்றேன். இம்முறை போரசாக நின்ற மாணவன் துணிச்சல்காரன். மகனைச் சிறுபடையுடன் அனுப்பியதே தவறு என்று சொல்லி, யானை முதல் காலாள் வரை அனைத்தையும் கொடிக்கம்பத்தை நோக்கி நகர்த்தினான். பாளையம் வெறுமையாயிற்று. கிராத்தெரசாக இருந்தவன், தனக்கு இடப்பட்ட ஆணையின்படி, உடனே சேலையைக் கடந்து பின்னால் வந்தான். இருபுறமும் நெருக்குண்ட போரஸ், முதல் ஆட்டத்தைவிட விரைவாகத் தோற்றான். அங்கே போனால் இங்கே பகை. இங்கே நின்றால் அங்கே பகை என்னும் இக்கட்டு அனைவர்க்கும் விளங்கிற்று.

மூன்றாம் ஆட்டத்துக்கு முன், "மழையே பெய்யாதிருந்தால்?" என்று ஒருவன் கேட்டான். அவ்வாறே ஆடுவோம் என்றேன். யார் போரஸ் என்று கேட்குமுன், முதல்நாள் மறுத்த மாணவி தானாகவே வந்து கிழக்குக் கரையில் நின்றாள். மழையின்றித் தேர்கள் விரைந்தன. ஆனால் மாணவர் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. இடியோசை இல்லாமையால், படை ஆற்றில் இறங்கும் ஓசை காவலர்க்குக் கேட்கும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அலெக்சாந்தர் அணியினர் இறங்கத் தயங்கினர், இடம் மாற்றினர், மீண்டும் தயங்கினர். போரசைச் சேற்றில் அழுத்திய அதே மழைதான், அலெக்சாந்தரை மறைத்துக் கரையேற்றியது என்பது அப்பொழுது தெளிவாயிற்று. நண்பகல் மணியடித்தபோது, இரு படையும் சேலையின் இரு கரையிலும் நின்றுகொண்டிருந்தன. அன்று ஒரு விதைகூட விழவில்லை.

இதனைக் கொண்டு, மழையில்லையேல் போரஸ் வென்றிருப்பான் என்று யாரும் முடிவுகட்டலாகாது. விதிகள் யாம் வகுத்தவை. எண்கள் கிரேக்கர் தந்தவை. மேசை எதையும் மெய்ப்பிப்பதில்லை. நூலைப் படிக்கையில் தோன்றாத கேள்விகளை அது எழுப்பும். அக்கேள்விகளுக்கு விடை காண மீண்டும் நூலுக்கே செல்லவேண்டும். இவ்வெல்லையை ஆசிரியர் மறந்தால், வரலாறு வெறும் விருப்பக் கதையாகிவிடும்.

அரை விதை

முதல் ஆட்டம் முடிந்த அன்று நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். அர்ரியன் தரும் இழப்புக் கணக்கின்படி காய்களை அகற்றச் சொன்னேன். போரசின் காலாட்களுள் மாண்டவர் 20,000க்குச் சற்றுக் குறைவு. 150 விதைகளில் ஏறத்தாழ 100 விதைகள் தகர டப்பாவில் கலகலவென்று விழுந்தன. அலெக்சாந்தரின் காலாட்களுள் மாண்டவர் ஏறத்தாழ 80 பேர். விதையை எடுக்கப்போன மாணவன் கையை நிறுத்தினான். "ஒரு விதைக்கு 200 பேர் ஐயா. 80 பேர் என்றால் அரை விதைகூட வரவில்லையே, எப்படி எடுப்பது?" என்றான்.

மதங்கொண்ட யானைகளோடு கைகலந்து போரிட்ட படையில், எட்டு நாழிகை நூல்களைப் புரட்டினும் விளங்காத ஐயத்தை அந்த அரை விதை விளக்கிவிட்டது. தியோதோரஸ் அலெக்சாந்தரின் காலாள் இழப்பை 700க்கு மேல் என்று எழுதியிருப்பதையும், போரசின் பக்கம் மாண்டவரை 12,000க்கு மேல் என்று குறைத்திருப்பதையும் பலகையில் எழுதினேன். ஒரே போர், ஒரே பக்கத்து நூல்கள், எண்களோ வேறு. சான்றுகளை ஒப்புநோக்கும் பயிற்சியை இதனினும் எளிதாகக் கற்பிக்க எனக்கு வழி தெரியவில்லை.

பிறகு டப்பாவிலிருந்து ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். எங்கள் பள்ளியின் மாணவர், ஆசிரியர், பணியாளர் அனைவரையும் சேர்த்தாலும் 200 பேர் ஆகமாட்டோம். "நாம் எல்லாரும் இந்த ஒரு விதைக்குள் அடங்கிவிடுவோம்" என்றேன். சிரித்துக்கொண்டிருந்தவர்களும் அமைதியாயினர். டப்பாவை மீண்டும் யாரும் குலுக்கவில்லை. வெல்ஸ் சொல்ல விரும்பியது இதுவே போலும்.

வெண்ணியும் ஜீலமும்

தமிழாசிரியர்க்கு இவ்விடத்தில் மற்றொரு போர் நினைவுக்கு வரும். நீடாமங்கலத்துக்கு அருகே இன்று கோயில்வெண்ணி எனப்படும் ஊரே சங்ககாலத்து வெண்ணி. அங்கே சோழன் கரிகாலனொடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி, வடக்கிருந்து உயிர் நீத்தான். அவனது பெருமையைக் கழாத்தலையார் பாடினார். அவ்வூரைச் சேர்ந்த வெண்ணிக்குயத்தியாரோ, வென்ற கரிகாலனை நோக்கியே பாடினார். நீ வென்றாய், ஆயினும் புகழை விரும்பி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்பது அவர் பாடலின் கருத்து. அவை முறையே புறநானூற்றின் 65ஆம் 66ஆம் பாடல்கள்.

இரு போர்களையும் அருகருகே வைத்து நோக்குக. ஜீலத்தைப் பற்றி நம்மிடம் எண்கள் உள்ளன: யானை 200, தேர் 300, தொலைவு 150 ஸ்டேடியம். தோற்றவன் பக்கத்துக் குரல் ஒன்றேனும் இல்லை. போரசின் பெருமிதமான விடையும்கூட வென்றவன் நூலில் வருவதே. அவ்விடையைப் பாராட்டி நாட்டைத் திருப்பித் தந்த அலெக்சாந்தரின் பெருந்தன்மையை விளக்கவே அது அங்கு இடம்பெற்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வெள்ளி நாணயம், யானைமேல் அமர்ந்த இருவரை ஒரு குதிரை வீரன் ஈட்டியோடு துரத்தும் காட்சியைக் காட்டுகிறது. அது இப்போரைக் குறிப்பதென்பது அறிஞர் பலர் கருத்து. நாணயத்திலும் யானை ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

வெண்ணியைப் பற்றியோ, மேசைமேல் வைக்கத்தக்க எண் எதுவும் இவ்விரு பாடல்களில் இல்லை. காலாள் எத்தனை, யானை எத்தனை, எத்திசையில் நின்றனர் என்று அவை கூறவில்லை. ஆனால் தோற்றவன் பெயர் நிற்கிறது. அவன் நாணம் நிற்கிறது. வென்றவன் முன்னிலையிலேயே அவனை உயர்த்திப் பேசத் துணிந்த ஒரு பெண்பாற் புலவரின் குரல் நிற்கிறது. ஒரு குயத்தியார் ஜீலம் ஆற்றங்கரையில் இருந்து பாடியிருந்தால், போரசின் மெய்ப்பெயரேனும் நமக்குக் கிடைத்திருக்கும்.

"தோற்கப் போகிறவர் பக்கம் நான் ஏன் நிற்க வேண்டும்?" என்னும் கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம் என எண்ணுகிறேன். வென்றவன் பக்கத்தில் நின்றால், நூல் ஏற்கெனவே சொன்னதையே மீண்டும் காண்போம். தோற்றவன் பக்கத்தில் நின்றால்தான், முடிவு தெரியாத நேரத்தில் ஒருவன் எவ்வாறு முடிவெடுத்தான் என்பதைக் காண்போம். நூலில் இடம்பெறாது போனது எது என்று கேட்கத் தொடங்குவோம். அக்கேள்வி நம் மாணவர்க்குப் பிறரினும் மிகுதியாகத் தேவை. எங்கள் மலைக்கு, 1885ஆம் ஆண்டில் அதனை அளக்க வந்த வில்லியம் கேமரன் பெயர் நிலைத்திருக்கிறது. இச்சரிவுகளில் காடு திருத்தித் தேயிலை நட்ட எம் முன்னோர், ஏட்டில் பெரும்பாலும் ஆள்கணக்காகவே நின்றுவிட்டனர். ஒரு விதைக்கு 200 பேர் என்று நாங்கள் மேசைமேல் எண்ணியது போலத்தான்.

மூன்றாம் ஆட்டத்துக்குப் பின், போரசின் படையிலிருந்த ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் கூற்றாக ஒரு பக்கம் எழுதி வருமாறு பணித்தேன். அம்மாணவி ஒரு யானைப் பாகனைப் பற்றி எழுதியிருந்தாள். பாகனுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல், தன் பாட்டனாரின் பெயரையே வைத்ததாகச் சொன்னாள். இத்தோட்டத்தில் வேலை செய்து மறைந்தவர் அவர். அவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "பாட்டியைக் கேட்டு அடுத்த வாரம் எழுதி வருகிறேன் ஐயா" என்றாள்; எழுதியும் வந்தாள்.

ஆசிரியப் பெருமக்கள் இம்முறையைத் தத்தம் பள்ளியில் கையாண்டு பார்க்கலாம். செலவு மிகுதியில்லை. இரண்டு பழஞ்சேலை, ஒரு தாயக்கட்டை, கைப்பிடி விதைகள் போதும். ஆட்டம் முடிந்ததும் விதைகளை எண்ணிப் பார்க்கச் செய்வதை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.